ஆரியா சொல்லும் வரை

திருவொற்றியூர் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குள் எங்கள் பள்ளி வேன் மாட்டிக்கொண்டது. பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஜன்னல் வழியே லாரி டிரைவர்களுக்கு சல்யூட் அடிப்பதும், பதிலுக்கு ஹாரன் அடித்தால் கூச்சல் போடுவதுமாக வந்தார்கள். ராயபுரத்தில் எங்கள் பள்ளி. அங்கே நான் இயற்பியல் ஆசிரியை. கேடட் பிரிவுக்கும் நானே பொறுப்பு. பெயர் செங்கொடி. அப்பா துறைமுகத்தில் தொழிற்சங்கக்காரர் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அரையாண்டு விடுமுறை முகாம் அது. சேர்ந்து வேலை செய்யவும் தலைமை ஏற்கவும் பிள்ளைகளைப் பழக்குவதுதான் நோக்கம். முடிவில் ஒருவரைச் சீனியராகத் தேர்ந்தெடுப்பார்கள். குடியரசு தினத்தன்று அணிவகுப்பை நடத்துவது அந்தச் சீனியர்தான். வேனில் வந்த எல்லோருமே அந்த இடத்துக்கு ஆசைப்பட்டார்கள். ஜஸீமாவைத் தவிர. அப்படித்தான் நான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

முகாமுக்குக் கிடைத்த இடம் எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய ஒரு பழைய பார்ஜ் பட்டறை. பார்ஜ் என்பது அடிப்பாகம் தட்டையான சரக்குப் படகு. எஞ்சின் கிடையாது, இழுத்துக்கொண்டுதான் போகவேண்டும். பழுது பார்க்க அதைக் கரையேற்ற வேண்டுமானால் ஒரு சரிவு வேண்டும். இங்கே சிமெண்டில் அகலமாக ஒரு சரிவு, மேட்டிலிருந்து நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது. பாசி பிடித்துக் கறுத்திருந்தது. சரிவின் தலைப்பில் இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புத் தூண், தலை பருத்து, கழுத்து தேய்ந்து நின்றது. துறைமுகத்தில் பொலார்டு என்பார்கள்.

வேனிலிருந்து இறங்கியதும் முதலில் வந்தது வாசனைதான். நிலக்கரிச் சாம்பல், தொண்டையைக் கீறும் அமோனியா, அதற்கெல்லாம் அடியில் கழிமுகச் சேறு. அந்தச் சேற்று வாசனையில் வேறு ஏதோ ஒன்றும் கலந்திருந்தது. பலர் சேர்ந்து வேலை செய்த இடத்தில் வருமே, அந்த வியர்வை வாசனை.

பட்டறை மூடிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

எதையாவது பார்த்தால் அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. பிள்ளைகளைப் பொலார்டைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டேன். "இந்தத் தூண்ல கயித்த ஒரு சுத்து சுத்துனா உங்க பிடி அஞ்சாறு மடங்கா பெருகும். ரெண்டு சுத்து சுத்துனா ஒரு சின்னப் பொண்ணு வால் நுனியப் பிடிச்சிக்கிட்டு ஒரு பார்ஜையே நிறுத்தலாம். கயிறுக்கும் இரும்புக்கும் நடுவுல இருக்கிற உராய்வுதான் வேலை செய்யுது, நீங்க இல்ல."

"அப்ப கயித்த கைல சுத்திக்கினா மிஸ்?" என்று கேட்டாள் ஜஸீமா. வண்ணாரப்பேட்டையில் பை தைக்கும் கடைக்காரரின் மகள். அவள் குரல் எப்போதும் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும். அதனாலேயே எந்தக் குழுவுக்கும் அவளை யாரும் தலைவியாகப் போட்டதில்லை.

"அதே கணக்குதான். அந்தப் பக்கம் இழுக்க இழுக்க சுத்து இறுகும். அப்புறம் நீ கயித்தப் பிடிக்கல, கயிறு உன்னப் பிடிச்சிருக்கு. நீ விடணும்னு நெனச்சாலும் அது விடாது. அதனால யாரும் எப்பவும் கயித்தக் கைல சுத்தக்கூடாது."

"டிண்டல் ஆளுங்க சுத்துவாங்க மிஸ்," என்றான் நோயல். இவன் ராயபுரத்துப் பையன். அப்பா துறைமுகத்தில் கப்பல் கயிறு கட்டும் வேலை. "எங்க நைனா சொல்லும். இதே எடத்துல சிலுவைமுத்துனு ஒரு டிண்டல் இருந்தாராம். டிண்டல்னா கோஷ்டிக்குத் தலைவரு. அவரு கோஷ்டில அல்லாரும் கைல ஒரு சுத்து சுத்திக்கினுதான் இழுக்கணும். ஒருத்தன் முந்தி விட்டுட்டு ஓடக்கூடாதுனு. அவரு 'ஹாபீஸ்'னா இழுக்கணும். 'ஆரியா'னா விடணும். ஆரியா சொல்ற வரிக்கும் செத்தாலும் விடக்கூடாது."

"ஆபீஸா? லீவுல வந்தாலும் ஆபீஸுன்றான் பாரு," என்று மங்கை சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். காத்திவாக்கத்துப் பெண் மங்கை. ஜஸீமாவின் ஒரே தோழி. அவளுக்கும் சேர்த்து இவளே பேசிவிடுவாள்.

நோயல் சிரிக்கவில்லை. "ஒரு நாளு பார்ஜ இழுத்துகினு இருக்கசொல்லோ, இந்தத் தூணாண்ட வாலப் பிடிச்சிகினு நின்ன ஆளு பயந்துபூட்டு சுத்தக் கழட்டி விட்டுட்டு ஓடிட்டான். பார்ஜு பின்னால போச்சு. கைல சுத்துனவங்க அல்லாரையும் கயிறு தண்ணிக்குள்ள இஸ்துகினு போயிடுச்சு. டிண்டலும் பூட்டாரு. ஆரியானு சொல்றதுக்குள்ள வாய்ல தண்ணி."

"ஓடினவன் யாருடா?"

"அது யாருக்கும் தெரியாது மிஸ்."

அப்போது எங்களுக்குப் பின்னால் விசில் சத்தம் கேட்டது. பயிற்சியாளர் ஆன்றோ. ஐம்பதைத் தாண்டியவர், கட்டுமஸ்தான உடம்பு. பள்ளிகளுக்கு முகாம் நடத்தித் தருவதுதான் அவர் தொழில். "கதை கேக்க வந்தீங்களா, கேம்ப்புக்கு வந்தீங்களா? ஓடுங்க!" என்று விரட்டினார். பிள்ளைகள் ஓடிய பிறகும் அவர் அங்கேயே நின்றார். முதுகைத் தண்ணீர்ப் பக்கம் காட்டியபடி.

அவர் எப்போதும் அப்படித்தான் நின்றார். அணிவகுப்புப் பழக்கும்போதும், சாப்பிடும்போதும். சரிவின் பக்கம் அவர் முகம் திரும்பி நான் பார்த்ததே இல்லை.

முகாம் நல்லபடியாகத்தான் போனது. மறுநாள் ஒரு டிரம், இரண்டு பலகை, ஒரு கயிறு கொடுத்து, தரையில் கால் படாமல் பத்தடி தாண்ட வேண்டும் என்றார் ஆன்றோ. இந்த மாதிரிப் போட்டியில் பலசாலி ஜெயிப்பதில்லை. யார் சொல்வதை மற்றவர்கள் கேட்கிறார்களோ, அந்தக் குழுதான் ஜெயிக்கும். நோயல் தொண்டை கிழியக் கத்தினான், ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள், ஆன்றோ கொடுத்த கயிறு பட்டென்று அறுந்தது.

அன்று மாலை அவருடைய மனம் குளிர வேண்டும் என்று பையன்கள் ஒரு காரியம் செய்தார்கள். சரிவின் ஓரம் சேற்றில் ஒரு கயிறு புதைந்திருப்பதைக் கண்டுபிடித்து, முனையைத் தோண்டி எடுத்துப் பொலார்டு வரை கொண்டுவந்து போட்டார்கள். கட்டைவிரல் பருமன். மறுமுனை தண்ணீருக்குள் போய் எங்கோ சிக்கியிருந்தது.

நான் தொட்டுப் பார்த்தேன். நார்க்கயிறு. நார் என்பது செடியின் உடம்பு. சேற்றில் கிடந்தால் மட்கிவிடும். இது எத்தனையோ வருடம் கிடந்திருக்க வேண்டும். கையால் பிய்த்தால் பொடியாக வேண்டும். ஆனால் புதிதாக எண்ணெய் போட்டதுபோல வளைந்து கொடுத்தது.

"தண்ணில கெடந்த கயிறு சொரசொரனு ஆயிடும் மிஸ்," என்றாள் மங்கை, விரலால் தடவியபடி. "இது வழவழனு கீது. கொஞ்ச நேரம் முந்திதான் யாரோ பிடிச்சிகினு இருந்தாப்ல."

அது இளஞ்சூடாகவும் இருந்தது.

ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆன்றோ கயிற்றைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனதை நான் கண்ணால் கண்டேன். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவன் பயத்தைக் காட்டக் கூடாது என்று காலையில்தான் அவர்களுக்கு வகுப்பெடுத்திருந்தார்.

"இன்னா மாஸ்டர், கயிறா பாம்பா? இப்டி நவுர்றீங்க?" என்றாள் மங்கை.

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவரை மாட்டிவிட்டது.

"இதுதான் இன்னிக்கு டாஸ்க்," என்றார் குரலை உயர்த்தி. "மொத்தக் கயித்தயும் வெளில எடுக்கணும். எவன் எடுக்க வைக்கிறானோ அவன்தான் சீனியர்."

வெயில் இறங்கியிருந்தது. புகைபோக்கிகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. தேநீர்ப் பாத்திரம் எடுத்துவர நான் கொட்டகைக்குள் போனேன். திரும்பிவந்து பார்த்தபோது பிள்ளைகள் சரிவில் வரிசையாக நின்று கயிற்றைப் பிடித்திருந்தார்கள். தண்ணீருக்கு மிக அருகில், முதல் ஆளாக, மங்கை. மேலே பொலார்டில் இரண்டு சுற்று சுற்றி வாலைப் பிடித்துக்கொண்டு ஆன்றோ. வாலின் நுனியைத் தன் உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு முறை அசைத்துப் பார்த்துவிட்டு, பிறகு உதறிப் பிரித்தார். பழகிய கையின் வேலை அது. யோசிக்காமல் செய்தது.

மங்கை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோயல் கத்தினான். யாரும் ஒன்றாக இழுக்கவில்லை. ஒரு விஷயம் சொல்கிறேன். பத்துப் பேரின் பலம் பத்து மடங்கு என்பது ஒரே நொடியில் இழுத்தால்தான். ஒருவன் இழுக்கும்போது இன்னொருவன் மூச்சு விட்டால் அவன் இவனுக்குப் பாரம். அதற்காகத்தான் கயிறு இழுக்கும் எல்லா இடத்திலும் ஒரு குரல் தேவைப்படுகிறது.

"ஹாபீஸ்."

வரிசையின் நடுவிலிருந்து வந்தது அது. ஜஸீமா. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோர் தோளும் ஒன்றாகச் சாய்ந்தன. கயிறு ஒரு முழம் வெளியே வந்தது.

பிள்ளைகளே திகைத்துப் போனார்கள். அப்புறம் கூச்சல். "ஜஸீ! ஜஸீ! இன்னொரு தபா!"

"ஹாபீஸ்."

இன்னொரு முழம். ஜஸீமாவின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு வெளிச்சம். கையில் பாத்திரத்தோடு நின்ற எனக்குக் கண் கலங்கியது. இதற்காகத்தானே இந்த முகாமெல்லாம் என்று நினைத்தேன்.

"ஹாபீஸ்."

கயிறு ஒரு முழம் உள்ளே போனது.

சிரிப்பு நின்றது. பாசியில் செருப்புகள் வழுக்கும் சத்தம். யாரோ "டேய், நல்லா பிடிங்கடா" என்றார்கள். ஜஸீமா மறுபடி, கொஞ்சம் நடுக்கத்தோடு, "ஹாபீஸ்" என்றாள்.

இந்த முறை எனக்குக் கேட்டது. தண்ணீருக்கு அடியிலிருந்து, சேற்றில் பல கால்கள் ஒரே தாளத்தில் ஊன்றும் சத்தம்.

கயிறு வில்நாண்போல விறைத்தது. இழுத்தது நீரோட்டமாக இருக்க முடியாது. நீரோட்டம் சீராக இழுக்கும். இது இழுத்து, நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்தது.

அவர்கள் ஆபத்தில் இல்லை. இதை நான் உறுதியாகச் சொல்வேன். பொலார்டில் சுற்று இருந்தது. வாலைப் பிடித்திருந்தவர் பிடித்தபடி இருந்திருந்தால் மறுமுனையில் யானையே இழுத்தாலும் கயிறு நகர்ந்திருக்காது.

ஆன்றோ தண்ணீரைப் பார்த்தார். முதன்முறையாக. அங்கே என்ன கண்டாரோ தெரியாது. சுற்றைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்னால் ஓடினார்.

மொத்த இழுவையும் பிள்ளைகளின் கைகளுக்கு வந்தது. கத்திக்கொண்டு விட்டார்கள். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு உரிந்து போனது. ஒருத்தி மட்டும் விடவில்லை.

மங்கையால் விட முடியவில்லை. மாஸ்டர் செய்ததுபோலவே அவளும் கையில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தாள்.

குப்புற விழுந்தாள். முகம் சிமெண்டில் தேய, சரிவில் இழுபட்டாள். நான் பாத்திரத்தை எறிந்துவிட்டு ஓடினேன். ஜஸீமா எனக்கு முன்பே பாய்ந்து அவள் காலைப் பிடித்தாள். நானும் பிடித்தேன். இரண்டு பேரும் சேர்ந்து வழுக்கிக்கொண்டே போனோம். தண்ணீர் என் முகத்தில் அடித்தது. மங்கையின் கை கயிற்றுக்குள் நசுங்குவது கேட்டது. ஈரக் குச்சிகளை ஒவ்வொன்றாக ஒடிப்பதுபோல.

"ஆரியா!" மேலிருந்து கத்தினார் ஆன்றோ. "ஆரியா! ஆரியா!"

கயிறு நிற்கவில்லை. இன்னும் வேகமாக இழுத்தது, அந்தக் குரலை அடையாளம் கண்டதுபோல.

நோயல்தான் புரிந்துகொண்டான். "ஜஸீ! நீதான் ஹாபீஸ்னு கூப்ட்ட! அதுங்க நீ சொன்னாத்தான் கேக்கும்! நீ சொல்லு!"

"ஆரியா," என்றாள் ஜஸீமா.

தொப்பென்று கயிறு தொய்ந்தது.

அமைதி. சின்ன அலைகள் மட்டும். மங்கையைத் திருப்பிப் போட்டேன். வலது கையில் கட்டைவிரல் மட்டும் இருந்தது. மற்ற நான்கும் சரிவில் கிடந்தன. பாசியின் மேல், ஒன்றுக்கொன்று தள்ளி.

துப்பட்டாவைக் கிழித்து மணிக்கட்டில் இறுக்கினேன். ரத்தம் நிற்கும்வரை குச்சி வைத்து முறுக்கினேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு வாசலுக்கு ஓடும்படி நோயலிடம் சொன்னேன். மற்ற பிள்ளைகள் அழுதுகொண்டே கொட்டகைக்குள் ஓடிவிட்டார்கள். ஜஸீமா மண்டியிட்டு அந்த விரல்களைப் பொறுக்கித் தன் தொப்பிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். ஐஸ் இருந்தால் ஒட்டவைக்கலாம் என்று வகுப்பில் எப்போதோ நான் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது.

ஆன்றோ இறங்கி வந்தார்.

"மேடம், யாரு கேட்டாலும் தண்ணி இழுத்துச்சுனு சொல்லுங்க. இந்தக் கயிறு இங்க இருக்கக் கூடாது. போலீஸு வர்றதுக்குள்ள தூக்கிப் போட்றலாம்." பொலார்டின் பக்கத்தில் நின்று கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். உள்ளங்கையிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து உள்ளங்கைக்கு. கயிற்று வேலை தெரிந்தவர்கள் சுருட்டும் விதம் அது. கை தானாகவே செய்தது. வாய் நிற்கவில்லை. "அல்லாம் இவளால வந்தது. உன்ன யாருடி கத்தச் சொன்னது? அவ கை போனது உன்னாலதான். இத நீ ஆயுசுக்கும் நெனச்சிகினு இரு."

ஜஸீமா நிமிர்ந்து பார்த்தாள். கையில் தொப்பி.

அந்த நேரத்தில் கயிற்றின் தொய்வு மெதுவாக, சத்தமே இல்லாமல் மறைந்தது.

சுருள் முழுவதும் அவருடைய முன்கையில் ஒரே சமயத்தில் இறுகியது. ஓர் அலறல். இடது கையால் பொலார்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கயிறு இழுத்தது, நின்றது, மூச்சு வாங்கியது.

காத்திருந்தது.

"சொல்லும்மா," என்றார் ஆன்றோ. குரலே மாறியிருந்தது. "கண்ணு, ஆரியானு சொல்லும்மா."

"அன்னிக்கு வாலப் பிடிச்சிகினு இருந்தது நீங்களா?" என்று கேட்டாள் ஜஸீமா. அவளுடைய வழக்கமான குரல். பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்பது.

"சின்னப் பையன்மா நானு. பயந்துட்டேன். எனக்கு இன்னா தெரியும்? சொல்லும்மா!"

"இன்னிக்கு?"

அவர் பொலார்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். வாய் திறந்து திறந்து மூடியது.

நான் மங்கையின் கட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன். கையை எடுத்தால் ரத்தம் பீறிடும். "ஜஸீமா, சொல்லிடும்மா," என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தொப்பிக்குள் பார்த்தாள்.

"ஹாபீஸ்," என்றாள்.

முழங்கை முதலில் போனது. கயிற்றுக்கும் இரும்புக்கும் நடுவே சிக்கி, மறுபக்கமாக மடிந்தது. தோளில் சட்டை கிழியும் சத்தம் கேட்டது. கிழிந்தது சட்டை மட்டும் இல்லை. பொலார்டைப் பிடித்திருந்த இடது கை நகங்களை இரும்பில் விட்டுவிட்டு நழுவியது.

"ஹாபீஸ்."

சரிவில் குப்புற இழுபட்டார். எங்களைத் தாண்டிப் போகும்போது அவர் முகம் சிமெண்டில் வரைந்துகொண்டு போன கோடு என் காலை நனைத்தது. இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தார்.

மூன்றாவது முறை அவள் சொல்லவில்லை. தேவைப்படவில்லை. தண்ணீர் அவரை வாங்கிக்கொண்டது. சேற்றில் ஊன்றும் அந்தக் கால்களின் சத்தம் ஒரே தாளத்தில், மெதுவாக, ஆழத்துக்குப் போயிற்று.

ஜஸீமா அதுவரை காத்திருந்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்து, மரியாதையாக, "ஆரியா" என்றாள்.

காத்திவாக்கத்தில் இறால் பிடிப்பவர்கள் அவரைக் கண்டெடுத்தார்கள். வலது கை இல்லை. இடது கை மணிக்கட்டில் ஒரு துண்டுக் கயிறு, ஒரே ஒரு சுற்று, ஒழுங்காகச் சுற்றியிருந்தது. ஏதோ படகின் எஞ்சின் விசிறியில் கயிறு மாட்டி இழுத்திருக்கும் என்று போலீஸார் முடிவு செய்தார்கள். நல்ல விளக்கம்தான். என்னைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஜஸீமா ஏதாவது கத்தினாளா என்று கேட்டார்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை என்றேன்.

மங்கை பிழைத்தாள். விரல்களில் இரண்டு ஒட்டின. தோழியின் விரல்களைப் பத்திரமாக எடுத்துவந்த பெண் என்று ஜஸீமாவைத் தலைமையாசிரியர் பாராட்டினார். அவளே சீனியர்.

குடியரசு தினத்தன்று காலை நல்ல வெயில். கம்பத்தின் உச்சியில், பூவை உள்ளே வைத்து மடித்துக் கட்டிய கொடி. கயிற்றைச் சுண்டினால் முடிச்சு அவிழ்ந்து கொடி விரிய வேண்டும். விருந்தினர் இழுத்தார். அவிழவில்லை. மறுபடி இழுத்தார். சில சமயம் அப்படி ஆகும். பூ ஈரமாக இருந்தால் முடிச்சு இறுகிக்கொள்ளும். உதவிக்கு நான் போய்க் கயிற்றை வாங்கினேன். அணியின் முன்னால் ஜஸீமா விறைப்பாக நின்றாள். அவள் உதடு அசைந்தது.

கயிறு என் கைக்குள் வெடுக்கென்று சுண்டியது. கொடி விரிந்தது. பூ கொட்டியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

கயிறு தொய்யவில்லை.

கம்பத்தில் அது வில்நாண்போல நின்றது. அதன் நுனியிலிருந்து கறுப்பாக ஏதோ சொட்டியது. கழிமுகச் சேற்றின் வாசனை. குனிந்து பார்த்தேன். என் மணிக்கட்டில் ஒரு சுற்று இருந்தது. நான் சுற்றவில்லை.

பிள்ளைகள் தேசிய கீதம் பாடத் தொடங்கினார்கள். யாரும் அசையக் கூடாத நேரம். என் விரல்கள் ஊதா நிறமாவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாட்டு முடிந்ததும் ஜஸீமா நடைபோட்டு வந்தாள். எனக்கு முன்னால் நின்று சல்யூட் அடித்தாள். "மிஸ், அன்னிக்கு நான் இன்னா சொன்னேன்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லம்மா."

"சொல்லுவீங்களா?"

"சொல்ல மாட்டேன்."

கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தாள். பிறகு, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரலில், "ஆரியா" என்றாள்.

இப்போது எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். ஒரு விஷயம் எப்படி நடந்தது என்று தெரிந்துவைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்க என்னால் முடிந்ததே இல்லை. மாலை ஆகிவிட்டது. மொட்டைமாடியில் துணி எல்லாம் எடுத்தாகிவிட்டது. துணி காயப்போடும் கயிறு வெறுமையாகத்தான் இருக்கிறது. பாரம் இல்லாத கயிறு நடுவில் தொய்ந்து தொங்க வேண்டும். அதன் சொந்த எடையே அதைத் தொய்ய வைக்கும்.

அது நேர்கோடாக நிற்கிறது.

கீழே வாசலில் யாரோ "மிஸ்" என்று கூப்பிடுகிறார்கள். சத்தமாக இல்லை.